ஓடும் வண்டியை நிறுத்தும் கலை
(பழைய பிக்கப் வண்டிக்கு டிஸ்க் பிறேக் பொருத்தலும் குறை களைதலும்)

ஓட்டுதல் எளிது, நிறுத்துதல் அரிது. குதிரையை விரட்டுவதற்குச் சவுக்கு ஒன்று போதும். அதனை வேண்டிய இடத்தில் நிறுத்துவதற்கோ கடிவாளமும், அக்கடிவாளத்தைப் பற்றும் பயின்ற கையும் வேண்டும். மோட்டார் வண்டிக்கும் இது பொருந்தும். எஞ்சின் இயங்காவிடின் வண்டி வீட்டு வாயிலில் நிற்கும். அதனால் எவர்க்கும் தீங்கில்லை. பிறேக் இயங்காவிடின் தீங்கு வண்டிக்காரனோடு நிற்பதில்லை. தெருவிற் செல்லும் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்க நேரும். ஆதலின், வண்டியின் உறுப்புக்களுள் முதலில் அறிந்துகொள்ளற்குரியது பிறேக்கே எனலாம்.

தமிழ் கற்பிப்பவனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். காரியத்தைக் கண்டு காரணத்தை உய்த்துணர்தல் இலக்கணத்துக்கும் தருக்கத்துக்கும் மட்டும் உரியதன்று, சக்கரத்துக்கும் உரியது. மேலும், இக்கட்டுரையில் 'பிறேக்', 'கலிப்பர்', 'நிப்பிள்' முதலிய சொற்களைக் கராஜில் வழங்குமாறே எடுத்தாள்கின்றேன். அவற்றுக்குத் தமிழாக்கம் செய்தல் அரிதன்று. ஆயினும், உயிரோடு தொடர்புடைய பொருளை விளக்குமிடத்து, கேட்பவர் கையிலுள்ள சொல்லை விட்டுக் கல்லாத சொல்லைக் கொண்டு பேசுதல் தகாது.

பழைய வண்டியும் புதிய ஆசையும்

யாழ்ப்பாணத்து மக்களுக்கும் பழைய ஆங்கிலேய வண்டிகளுக்குமுள்ள உறவு நெடியது. ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய வண்டிகள், அவை பிறந்த நாட்டில் காட்சிப் பொருள்களாகிவிட்ட பின்னரும், நம்மவர் கையில் உழைத்துக்கொண்டிருந்தன. 1990களில் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில் சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டியமையைப் பழைய மாணவர் பலர் நினைவிற் கொண்டிருப்பர்.

அவ்வண்டிகளுள் சிறப்பாகக் கருதத்தக்கது மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த இவ்வண்டி 1948 இல் வெளிவந்தது. பின்னே திறந்த தட்டுடைய பிக்கப் வகை 1953 இல் தொடங்கி 1971 வரை செய்யப்பட்டது. உறுதியும் எளிமையும் வாய்ந்த இவ்வண்டிக்கு ஒரு குறை உண்டு. நாற்சக்கரங்களிலும் அமைந்தது ட்றம் பிறேக். அது அக்காலத்து வேகத்துக்கும் அக்காலத்து நெரிசலுக்கும் ஏற்ப அமைந்தது. இன்று முன்னாற் செல்லும் புதிய வண்டி திடீரென நிற்கின்றது. பின்னால் வரும் பழைய பிக்கப் அவ்வாறு நிற்க இயலாது தவிக்கின்றது. இதனாலேயே முற்சக்கரங்களுக்கு டிஸ்க் பிறேக் பொருத்தும் வழக்கம் தோன்றியது. 1971 இல் வெளிவந்த மொறிஸ் மறீனாவின் முன்னமைப்பு மைனரின் வழித்தோன்றல் ஆதலின், அதன் பாகங்களைக் கொண்டு மாற்றுதல் பலர் கையாண்ட வழியாகும்.

டிஸ்க் பிறேக் புதுமையானதன்று. பர்மிங்காமைச் சேர்ந்த பிரெடரிக் லான்செஸ்டர் 1902 இலேயே இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1953 இல் பிரான்சு நாட்டு லே மான் ஓட்டப் போட்டியில் டிஸ்க் பிறேக் பூண்ட ஜாகுவார் வண்டி வென்ற பின்னரே உலகம் அதன் வலிமையை உணர்ந்தது. 1955 இல் சிற்றோவன் டீ. எஸ். வண்டியின் முற்சக்கரங்களில் அஃது இடம்பெற்றது.

இரு வகைப் பிறேக்கின் இயல்பு

பிறேக்கின் தொழில் வண்டியின் இயக்கச் சத்தியை உராய்வினால் வெப்பமாக மாற்றுவதாகும். வேகம் இருமடங்காயின் இயக்கச் சத்தி நான்மடங்காகும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் நிறுத்துவதற்கு எழும் வெப்பத்தினும் 60 கிலோமீற்றர் வேகத்தில் நிறுத்துவதற்கு எழும் வெப்பம் நான்மடங்கு என்பதை இளைஞர் மறத்தலாகாது.

ட்றம் பிறேக்கில், சுழலும் பறைபோன்ற ட்றத்தின் உட்புறத்தைப் பிறேக் சூ இரண்டும் வெளிநோக்கி அழுத்துகின்றன. சுழற்சியின் திசையில் அமைந்த சூவை ட்றமே தன்னோடு இழுத்து மேலும் இறுக்குகின்றது. கதவின் அடியிற் செருகிய ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுவதுபோல்வது இது. ஆகவே, சாரதியின் கால் சிறிதே அழுத்தினும் பயன் பெரிதாகும். ஆனால், வெப்பம் உள்ளேயே அடைபடும். ட்றம் சூடேறி விரிந்து சூவை விட்டு விலகும். மழைநீர் புகுந்தால் எளிதில் வெளியேறாது.

டிஸ்க் பிறேக்கில், திறந்த வெளியிற் சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் இரண்டு பாட்கள் இடுக்கிபோற் பற்றுகின்றன. காற்றுப் படுதலால் வெப்பம் விரைந்து நீங்கும், நீர் தெறித்தோடும். ஆயின், தன்னைத் தானே இறுக்கும் இயல்பு இதற்கில்லை. ஆதலின், கூடிய அமுக்கம் வேண்டும். பாட்டைப் பின்னிழுக்கும் வில்லும் இதில் இல்லை. பிஸ்ரனைச் சுற்றியுள்ள இறப்பர் வளையம் சற்றே நெளிந்து மீள்வதனால் மட்டுமே பாட் தட்டை விட்டு மயிரிழையளவு விலகுகின்றது.

இவ்விரு வேறுபாடுகளையும் மனத்திற் பதித்தல் வேண்டும். மாற்றியமைத்த வண்டியில் எழும் குறைகளுட் பெரும்பாலானவை இவற்றினின்றே பிறக்கின்றன.

பாஸ்கலின் விதி

மிதியை அழுத்தும்போது மாஸ்ரர் சிலிண்டரில் எழும் அமுக்கம், குழாய் வழியே எல்லாச் சக்கரங்களுக்கும் சமமாகச் செல்கின்றது. இது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் (1623–1662) கண்ட விதி. ஓர் உதாரணம் காட்டுவோம். கால் 40 இறாத்தல் விசையுடன் மிதிக்க, மிதி அதனை ஐந்து மடங்காக்கினால், சிலிண்டரை 200 இறாத்தல் விசை தள்ளும். சிலிண்டரின் உள்விட்டம் 7/8 அங்குலமாயின் அதன் பரப்பு ஏறக்குறைய 0.6 சதுர அங்குலம். அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 330 இறாத்தல் வரை எழும். ஓர் அங்குலச் சிலிண்டராயின் அது 255 ஆகக் குறையும். முக்கால் அங்குலமாயின் 450 ஆக உயரும்.

அவ்வாறாயின் சிறிய சிலிண்டரே சிறந்தது எனலாமோ? அன்று. சிலிண்டர் சிறுக்கச் சிறுக்க, அதே அளவு ஒயிலைத் தள்ளுதற்கு மிதி நெடுந்தூரம் செல்லல் வேண்டும். மிதி தளத்தை முட்டிய பின்னர் அமுக்கம் எவ்வாறு எழும்? விசையைக் கூட்டினால் தூரமும் கூடும். தூரத்தைக் குறைத்தால் விசையும் குறையும். பெரிய வாயுள்ள சிலிண்டர் நல்லது என விற்பவர் கூறுவதை மட்டும் நம்பி வாங்குவோர் இக்கணக்கை ஒருமுறை செய்து பார்ப்பாராக.

நோயும் அதன் முதலும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன்பின் அதனைத் தணிக்கும் வழியை ஆராய்க என மருத்துவனுக்கு முறை வகுத்தார். கராஜுக்கும் இதுவே முறை. காரணம் காணாது பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுதல் பொருளை அழிக்கும்; நோயும் தீராது. இனிக் குறைகளை முறையே காண்போம்.

முதலாவது, மிதி பஞ்சுபோல் மெத்தென்றிருத்தல். இதற்குப் பெருங்காரணம் குழாயிற் காற்றுப் புகுந்திருத்தல். ஒயில் அமுங்காது, காற்று அமுங்கும். கலிப்பரை இடம் வலம் மாற்றிப் பொருத்திவிட்டால் காற்று வெளியேற்றும் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்றோ மேலே தங்கும். அந்நிலையில் நாள் முழுதும் மிதித்தாலும் காற்று நீங்காது. நிப்பிள் எப்பொழுதும் கலிப்பரின் உச்சியில் இருத்தல் வேண்டும். பழைய இறப்பர்க் குழாய் அமுக்கத்தில் பருத்தலும் இக்குறியைக் காட்டும்.

இரண்டாவது, மிதி திடமாயிருப்பினும் வெகுதூரம் தாழ்தல். விரைவாக இரண்டு மூன்று முறை மிதித்தால் மிதி உயர்ந்து திடமாக நிற்குமாயின், காற்றன்று காரணம். எங்கோ இடைவெளி மிகுந்துள்ளது என்பது துணிபு. முன்னே புதிய டிஸ்க்கைப் பொருத்தும் ஆர்வத்திற் பின் ட்றத்துச் சூக்களைச் சரிசெய்ய மறத்தல் பெருவழக்கு. முதலில் அவற்றைச் சரிசெய்க. பின்னர் முற்சக்கரப் பெயரிங் தளர்ந்துளதா எனப் பார்க்க. சக்கரம் ஆடினால் தட்டு பாட்டைப் பின்னே தள்ளிவிடும். அடுத்த மிதியில் அவ்விடைவெளியை நிரப்பவே ஒயில் செலவாகும்.

இவ்விடத்து மொறிஸ் மைனருக்குரிய தனிக்குறை ஒன்றுண்டு. அதன் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே, சட்டத்தோடு சேர்ந்து அமைந்துள்ளது. 1950களின் முற்பகுதிவரை வந்த அமெரிக்க செவர்லே பிக்கப்களிலும் இவ்வமைப்பே இருந்தது. கலிப்பர் மேலும் சிலிண்டர் கீழுமாக அமைந்துவிடின், வண்டி நிற்கும்போது ஒயில் மெல்லப் பின்னோக்கி இறங்கும். காலையில் முதல் மிதி தாழ்ந்து போகும். இதற்கு முற்குழாயில் 2 இறாத்தல் அமுக்கத்தை மட்டும் தேக்கும் சிறு வால்வு பொருத்துதல் பரிகாரம்.

மூன்றாவது, மிதி கல்போல் இறுகியும் வண்டி நில்லாமை. டிஸ்க்குக் கூடிய அமுக்கம் வேண்டும் என்பதை மேலே கண்டோம். மாஸ்ரர் சிலிண்டரின் வாய் பெரிதாயிருத்தல், பாட்டில் எண்ணெய் படிதல், பாட் கண்ணாடிபோல் மெருகேறுதல், சேர்வோ இயங்காமை என்பன காரணங்கள். சேர்வோவைச் சோதிக்கும் வழி எளிது. எஞ்சினை நிறுத்தி மிதியைப் பலமுறை அழுத்தி வெற்றிடத்தைத் தீர்க்க. பின்னர் மிதியை அழுத்திப் பிடித்தவாறே எஞ்சினை எழுப்புக. மிதி காலின் கீழ்ச் சற்றே தாழுமாயின் சேர்வோ நன்று. அசையாதிருப்பின் வெற்றிடக் குழாயையும் அதன் வால்வையும் நோக்குக.

நான்காவது, வண்டி ஒருபுறம் இழுத்தல். ரயர்களின் காற்றை முதலில் அளந்து பார்க்க. பின்னர் இருபக்கக் கலிப்பர்களின் பிஸ்ரன்களும் ஒருசேர அசைகின்றனவா என நோக்குக. ஒன்று துருவினால் இறுகியிருப்பின் வண்டி மற்றைப் பக்கமே இழுக்கும். கடற்காற்று வீசும் நம் ஊர்களில் இது மிகுதி.

ஐந்தாவது, மிதி துடித்தல். தட்டு நேராகச் சுழலாமையே காரணம். புதிய தட்டு வளைந்தது என முடிவு செய்யுமுன், அது பொருந்தும் ஹப்பின் முகத்திற் பழந்துரு ஒட்டியுளதா எனப் பார்க்க. தட்டின் விளிம்பில் ஆட்டம் பொதுவாக 0.1 மில்லிமீற்றரை மிஞ்சலாகாது. சிறு துருப்பொருக்கு ஒன்றே அவ்வளவை மிஞ்சச் செய்துவிடும்.

ஆறாவது, பிற்சக்கரம் முதலிற் பூட்டிக்கொள்ளல். பிக்கப் வண்டிக்கு இது பேராபத்து. பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னோக்கிச் சாயும். பிற்றட்டு வெறுமையாயின் பிற்சக்கரம் நிலத்தை மெல்லவே தொடும். அதனோடு, டிஸ்க்குக்காகக் கூட்டிய அமுக்கம் பின் ட்றத்துக்கும் சென்று சேர்கின்றது. விளைவு யாது? பிற்சக்கரம் வழுக்கி வண்டி சுழன்றுவிடும். பின் குழாயில் அமுக்கத்தைக் குறைக்கும் வால்வு பொருத்துதல், அல்லது பிற்சக்கரச் சிலிண்டரைச் சிறிதாக்கல் இதற்கு மருந்து. பாரமேற்றிய நாளில் நன்கு நின்ற வண்டி வெறுமையான நாளிலும் நன்கு நிற்கும் என எண்ணற்க.

பிறேக் விடாமை என்னும் பெருங்குறை

எல்லாவற்றினும் நுட்பமானது, மிதியை விட்ட பின்னரும் பிறேக் விடாது பற்றிக்கொண்டிருத்தல். இதனை விரித்துரைத்தல் வேண்டும்.

ட்றம் பிறேக்குக்குரிய மாஸ்ரர் சிலிண்டரின் முனையில் ஒரு வால்வு உண்டு. மிதியை விட்ட பின்னரும் குழாயில் ஏறக்குறைய 10 இறாத்தல் அமுக்கத்தை அது தேக்கிவைக்கும். சக்கரச் சிலிண்டரிலுள்ள இறப்பர்க் கிண்ணங்களின் விளிம்பு சுவரோடு ஒட்டியிருந்து காற்றை உட்புகவிடாது காத்தற்கே அவ்வேற்பாடு. ட்றத்திலுள்ள வலிய வில், அச்சிறு அமுக்கத்தை எதிர்த்துச் சூவைப் பின்னிழுத்துவிடும். ஆனால், டிஸ்க்கில் வில் இல்லை. கலிப்பர்ப் பிஸ்ரனின் விட்டம் 2 அங்குலமாயின் பரப்பு 3.14 சதுர அங்குலம். 10 இறாத்தல் அமுக்கம் அதன்மேல் 31 இறாத்தல் விசையாகி, பாட்டைத் தட்டின்மேல் ஓயாது அழுத்திக்கொண்டிருக்கும். பழைய சிலிண்டரை அவ்வாறே விட்டு டிஸ்க்கைப் பொருத்துவோர்க்கு நேரும் இடர் இது.

நானறிந்த விவசாயி ஒருவர் செம்மண் தோட்டத்து வெங்காயத்தைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் பிக்கப்புக்கு டிஸ்க் பொருத்துவித்தார். வண்டி முன்னினும் சிறப்பாக நின்றது. சில நாட்களின் பின், பாரத்தோடு நெடுந்தூரம் ஓடிய ஒரு நண்பகலில், பாடசாலை விடும் வேளையில், வாயிலருகே மிதித்தார், மிதி தளம்வரை தாழ்ந்தது, வண்டி நிற்கவில்லை. கம்பியால் இயங்கும் கைப்பிறேக் பின் ட்றங்களில் இருந்தமையால் அதனை இழுத்து நிறுத்தினார். சைக்கிளில் வந்த பிள்ளைகளுக்கும் வண்டிக்கும் இடையே இருந்தது சில முழமே. கராஜுக்குக் கொண்டு செல்லுமுன் வண்டி ஆறிவிட்டது. மிதியும் பழைய நிலைக்கு மீண்டுவிட்டது. பார்த்தவர்கள் குறையொன்றும் இல்லை என்றனர். கலிப்பரின் இறப்பர் வளையங்களை மாற்றி அனுப்பினர். மறுகிழமை பிறேக் மீண்டும் பற்றத் தொடங்கியது.

காரணத் தொடர் யாதெனின்: நீக்கப்படாத வால்வு பாட்டை அழுத்தியது, அழுத்தம் உராய்வாயிற்று, உராய்வு வெப்பமாயிற்று, வெப்பம் பழைய ஒயிலைக் கொதிக்கச் செய்தது, கொதித்த ஒயில் ஆவியாயிற்று, ஆவி அமுங்குவதால் மிதி தாழ்ந்தது. ஆறியவுடன் ஆவி மீண்டும் திரவமாயிற்று, குறையும் மறைந்தது. ஆறிய வண்டியை ஆராய்ந்தவர் எங்ஙனம் அதனைக் காண்பர்?

இதனைக் காணும் முறை பின்வருமாறு. வண்டியை ஓட்டி, பற்றியிருக்கும் நிலையிலேயே, ஏனைச் சக்கரங்களுக்கு அடைகொடுத்து முற்சக்கரத்தை உயர்த்திச் சுழற்றிப் பார்க்க. இறுகியிருப்பின் நிப்பிளைச் சிறிது திறக்க. ஒயில் பீறிட்டுச் சக்கரம் விடுபடுமாயின், தேங்கிய அமுக்கமே காரணம். விடுபடாவிடின் பிஸ்ரனோ பாட்டோ இறுகியுள்ளது. அமுக்கம் எனத் தெளிந்தபின் மீண்டும் ஓட்டி, பற்றியவுடன் இம்முறை மாஸ்ரர் சிலிண்டரின் வாயிலுள்ள குழாய் முடிச்சைத் தளர்த்துக. சக்கரம் விடுபட்டால் குறை சிலிண்டரில் உள்ளது. விடுபடாவிடின் இடையிலுள்ள இறப்பர்க் குழாய் உட்புறம் வீங்கி ஒயிலைத் திரும்பவிடாது தடுக்கின்றது.

சிலிண்டரிலே குறையாயின் அதுவும் இருவகைப்படும். புறப்பட்ட தொடக்கத்திலேயே மெல்லப் பற்றினால் வால்வைச் சந்தேகிக்க. தொடக்கத்தில் விட்டிருந்து, ஓட ஓட இறுகினால், மிதிக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட தண்டிற் சிறிதும் தளர்ச்சி இல்லை என்க. அந்நிலையில் பிஸ்ரன் முழுதும் பின்வராது. ஒயில் தொட்டிக்கு மீளும் சிறு துவாரம் மூடியே இருக்கும். சூட்டினால் விரிந்த ஒயில் செல்ல வழியின்றிப் பாட்டை இறுக்கும். தண்டின் நீளத்தைச் சற்றுக் குறைத்தால் குறை தீரும். அவ்விவசாயியின் வண்டியில் முன்னது காரணமாயிற்று. சிலிண்டரிலுள்ள வால்வை நீக்கி, பின் குழாய்க்கு 10 இறாத்தல் வால்வும் முற்குழாய்க்கு 2 இறாத்தல் வால்வும் தனித்தனியே பொருத்தியபின் பிறேக் பற்றுதல் ஒழிந்தது.

ஒயிலும் தூய்மையும்

பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 என்னும் வகை புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரையேனும் கொதியாது. ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். டொட் 4 வகைக்கு அவை முறையே 230, 155 பாகை. ஆதலின், இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுதல் நன்று. திறந்து நெடுநாள் வைத்த போத்தலின் ஒயிலை ஊற்றற்க. டொட் 5 என்னும் சிலிக்கோன் ஒயிலை இவற்றோடு கலத்தலாகாது.

நம்மவரிடையே வழங்கும் இரண்டு பழக்கங்களைக் கண்டித்தல் கடமையாகும். ஒன்று, பிறேக் ஒயில் கிடையாதபோது எஞ்சின் ஒயிலை ஊற்றல். மற்றொன்று, சிலிண்டரின் உட்பாகங்களை மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ கழுவுதல். இவ்விரண்டும் இறப்பரை வீங்கச் செய்து அழிக்கும். புதிய பிறேக் ஒயிலாலோ மெதிலேற்றட் ஸ்பிரிற்றாலோ கழுவுதலே முறை. பழைய பிறேக் லைனர்களில் அஸ்பெஸ்ரஸ் இருத்தலால் அத்தூளை வாயாலும் காற்றாலும் ஊதலாகாது; ஈரத்துணியால் துடைக்க.

வேலை முடிந்தபின் திருப்பு சக்கரத்தை இருபுறமும் கடைசிவரை திருப்பி, இறப்பர்க் குழாய் இழுபடுகின்றதா, ரயரில் உராய்கின்றதா எனப் பார்க்க. சக்கரத்தைக் கையாற் சுழற்றி, கலிப்பர் அதன் உட்புறத்தைத் தொடாமையை உறுதிசெய்க. பின்னர் ஆளில்லா வெளியிற் குறைந்த வேகத்திற் பலமுறை நிறுத்திப் பழக்கிய பின்னரே தெருவுக்குக் கொணர்க. பழைய மைனரின் நாற்சக்கரங்களுக்கும் குழாய்த் தொடர் ஒன்றே. எங்கேனும் ஓரிடத்து உடையின் நான்கும் ஒருங்கே இழக்கப்படும். ஆகவே, கைப்பிறேக்கை எந்நாளும் பழுதின்றி வைத்தல் வேண்டும்.

முடிவுரை

பழைய வண்டியைப் பேணுதல் நற்பண்பு. அதிற் புதிய உறுப்பைச் சேர்த்தலும் தவறன்று. ஆனால், பழையதன் இயல்பையும் புதியதன் இயல்பையும் ஒருங்கே அறிந்தவனே அவ்விரண்டையும் இணைத்தற்குரியவன். சிலிண்டருக்குள் விடப்பட்ட ஒரு சிறு வால்வு, தெருவிற் செல்லும் பிள்ளைகளின் உயிரோடு விளையாடக் கண்டோம். பழைய மரபுகளின்மேற் புதியன ஏற்றும் எத்துறையினர்க்கும் இதிற் பாடமுண்டு.

மாணவர்காள்! கருவிகளைக் கையாளும் தொழிலைத் தாழ்ந்ததாகக் கருதற்க. பாஸ்கலின் விதியைப் பரீட்சைத் தாளில் எழுதுபவன் புள்ளி பெறுவான். அதனை மிதியின் கீழ் உணர்பவன் உயிர் காப்பான். பழைய மாணவர்களாகிய பெரியோர், தம் வண்டிகளின் வேகத்தை மதிப்பதுபோல் அவற்றின் நிற்கும் ஆற்றலையும் மதித்துப் போற்றுவாராக.